தம்பிக்கு வாள் பரிசா? ஸ்டீலின் பெயரை விடுங்கள், எடையைக் கேளுங்கள்

கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்கள் கனடாவில் மிஸிஸாகாவில் இருக்கிறோம். வரும் அக்டோபரில் என் தம்பிக்கு முப்பது வயது முடிகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்தே ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ திரைப்படம் என்றால் அவனுக்கு உயிர். அதில் அரகோர்ன் ஏந்தும் ஆண்டுரில் வாள்மீது அப்படி ஓர் ஆசை. “சுவத்துல மாட்டுற பொம்மை வேணாம்க்கா, நிஜ வாளா இருக்கணும்” என்று அடிக்கடி சொல்வான். ஆறு மாதமாக ஐரோப்பிய நீள்வாள் வகுப்புக்கும் போகிறான். அவனுக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுக்க 600 கனடிய டாலர் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வாள்களைப் பார்த்தேன். 180 டாலருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், படத்தில் உள்ளது போலவே இருக்கிறது. 390 டாலருக்கு ‘டமாஸ்கஸ் ஸ்டீல், ஃபுல் டேங்’ என்று போட்ட ஒன்று. 460 டாலருக்கு ‘1060 கார்பன் ஸ்டீல், பேட்டில் ரெடி’. எதை வாங்கலாம்? கூர் போட்டதா, போடாததா? வகுப்பில் அதை வைத்துச் சண்டை பழகலாமா? அவன் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. அம்மாவோ, கூர்மையான பொருளைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று தடுக்கிறார்.

— ஒரு வாசகி, மிஸிஸாகா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள். மூன்றாவதை வாங்கலாம், ஆனால் விற்பவரிடம் சில விவரங்களைக் கேட்டு, அவை சரியாக இருந்தால் மட்டும். கூர் போடாததையே கேளுங்கள். வகுப்பில் எதிராளியோடு மோதிப் பழக இந்த மூன்றில் எதுவுமே ஆகாது.

வாள்களைப் பழுது பார்ப்பதும் பிடி மாற்றிக் கொடுப்பதும்தான் என் தொழில். முறிந்த பரிசு வாள் ஒன்று என் பட்டறைக்கு வரும்போதெல்லாம், அதை வாங்கிக் கொடுத்தவர் எவ்வளவு ஆசையோடு வாங்கியிருப்பார் என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வரும். உங்கள் கடிதத்திலும் அந்த ஆசை தெரிகிறது. அதனால் காரணங்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

180 டாலர் வாள் கெட்ட பொருள் இல்லை. படத்தின் உரிமம் பெற்றுச் செய்யும் அலங்காரப் பிரதிகள் பெரும்பாலும் 420 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் வருகின்றன. கண்ணாடி போல மின்னும், எளிதில் துருப்பிடிக்காது, பிடியின் அடிமுனையில் இருக்கும் குமிழிலிருந்து அலகில் உள்ள எழுத்துப் பொறிப்பு வரை படத்தில் பார்த்தபடியே இருக்கும். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கென்றால் அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் வகுப்புக்குப் போகிறவர் கையில் வாள் கிடைத்தால் வீசிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அங்கேதான் சிக்கல். சமையலறைக் கத்திக்கு ஸ்டெயின்லெஸ் நன்றாக உழைக்கும், ஏனென்றால் அந்த நீளத்துக்கு அலகு வளைய வேண்டிய தேவையே வருவதில்லை. ஒரு மீட்டர் நீள அலகு அப்படியில்லை. எதிலாவது பட்டால் வளைய வேண்டும், உடனே நேராகவும் வேண்டும். இந்த மலிவு ரக ஸ்டெயின்லெஸ்ஸை மென்மையாக விட்டால் வளைந்தபடியே நின்றுவிடும், கடினமாக்கினால் படக்கென்று முறியும். அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில், ஸ்டெயின்லெஸ் கட்டானாவின் (ஜப்பானிய வளைவாள்) உறுதியைக் காட்டுகிறேன் என்று மேஜையில் தட்டியவரின் உடம்பிலேயே முறிந்த நுனி வந்து குத்தியது. வாள் பழகுபவர்கள் பலரும் பார்த்த காட்சி அது. உங்கள் தம்பியும் பார்த்திருக்கக்கூடும்.

என்னிடம் வரும் முறிந்த வாள்களில் அலகு நடுவே ஒடிந்தவை குறைவு. பெரும்பாலும் பிடிக்குள்தான் முறிவு இருக்கும். பிடிமீது சுற்றிய தோலை அறுத்து, மரத்தைப் பிளந்து பார்ப்பேன். அகலமான அலகு, பிடிக்கு மேலே குறுக்காக இருக்கும் கைக்காப்பைத் தாண்டி இரண்டு விரற்கடை போனதும் நின்றுவிட்டிருக்கும். அதன் முனையில் பென்சில் பருமனுக்கு ஒரு மரைக் கம்பியை வெல்டு வைத்து, மறுமுனையைக் குமிழில் திருகி முறுக்கியிருப்பார்கள். வெல்டு விட்டுப்போன முகத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் பாதி பழுப்பேறி இருக்கும், பாதி புதிதாகப் பளபளக்கும். பழுப்பான பாதி எப்போதோ விரிசல் கண்டது. முறிந்த அன்று விட்டுப்போனது மிச்சமிருந்த பாதிதான். இடைப்பட்ட காலமெல்லாம் அந்த விரிசலோடுதான் யாரோ அதை வீசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், பக்கத்தில் யாரோ நின்றுகொண்டும் இருந்திருப்பார்கள்.

அலகிலிருந்து நீண்டு பிடிக்குள் போகும் அந்தப் பகுதியைத்தான் டேங் என்கிறார்கள். ‘ஃபுல் டேங்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சமையல் கத்தியில் பிடியின் முழு அகலத்துக்கும் இரும்பு தெரிவது நல்ல அடையாளம். வாளுக்கு அது தேவையில்லை, பல சமயம் வீண் கனம். பழைய ஐரோப்பிய வாள்களில் டேங் அலகோடு ஒரே இரும்பாக வந்து, மெல்ல மெல்லக் குறுகி, குமிழைத் துளைத்து வெளியே வரும். வெளியே வந்த நுனியைத் தட்டி ரிவிட் தலை போல விரித்துவிடுவார்கள். இன்றும் சிறந்த முறை அதுதான். குமிழின் உச்சியை அருகில் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். அங்கே தட்டி விரித்த தலை தெரிந்தால் நல்லது. மரையும் நட்டும் இருந்தாலும் உடனே தள்ளிவிட வேண்டாம். டேங் அகலமாகவும் ஒரே இரும்பாகவும் இருந்து, நுனியில் மட்டும் மரை வெட்டியிருந்தால் போதும். பிடி தளரும்போது முறுக்கிக்கொள்ளும் வசதியும் கிடைக்கும். பிடி போடுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒழுங்காகச் செய்பவர்கள் அந்தப் படத்தைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

இனி எடை. என்னைப் பொறுத்தவரை உங்கள் முடிவு இதில்தான் நிற்க வேண்டும்.

வாள் என்றாலே கனமாக இருக்கும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அருங்காட்சியகங்களில் இருக்கும் இரண்டு கைப் பிடி கொண்ட ஐரோப்பிய நீள்வாள்கள் பெரும்பாலும் 1.1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள்தான் இருக்கின்றன. ஒரு கைப் பிடி வாள் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கற்பனைக் கதை வாள்களின் பிரதிகளோ சர்வசாதாரணமாக இரண்டரை, மூன்று கிலோவைத் தொடுகின்றன. காரணம் எளிது. உண்மையான அலகு கைக்காப்பின் அருகே ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கி, நுனிக்குப் போகப் போகத் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிடும். அப்படித் தேய்த்து இறக்குவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மலிவாகச் செய்பவர்கள் ஒரே தடிமனுள்ள பட்டையை வாள் வடிவில் வெட்டி, ஓரத்தை மட்டும் சீவிவிடுகிறார்கள். புகைப்படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கையில் எடுத்தால் ஒரு வீச்சிலேயே தெரிந்துவிடும். நுனி கீழே இழுக்கும், மணிக்கட்டு வலிக்கும், ஓங்கியதை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்த முடியாத வாளுக்குக் கூர் இல்லாவிட்டாலும் ஆபத்துதான்.

ஆகவே விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: உறை இல்லாமல் வாள் மட்டும் எவ்வளவு எடை? கைக்காப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி விரலில் வைத்தால் வாள் சாயாமல் நிற்கிறது? கைக்காப்பருகே எவ்வளவு தடிமன், நுனிக்கு ஒரு சாண் முன்னால் எவ்வளவு? ‘உறை இல்லாமல்’ என்பதை மறக்காமல் சேருங்கள். பெட்டி, உறை எல்லாம் சேர்த்த எடையைச் சொல்லிவிட்டுப் பிறகு குழப்புவார்கள். ஆண்டுரில் அளவு வாளுக்கு 1.8 கிலோவுக்குள் இருந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். 2 கிலோ வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் வேண்டாம். சமநிலைப் புள்ளி 8 முதல் 13 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இந்த விவரங்களைக் கேட்டதும் “எங்கள் வாள் போருக்கே தயார்” என்று விளம்பர வாசகத்தையே திருப்பிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். ‘பேட்டில் ரெடி’ என்பதற்கு எந்தத் தர அளவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

1060 என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் அதைத்தான் பெரிதாகப் பேசுவார். கடைசி இரண்டு இலக்கமும் கரிமத்தின் அளவு: 1060-இல் 0.60 சதவீதம், 1095-இல் 0.95 சதவீதம். கரிமம் கூடக் கூடக் கடினம் ஏறும், ஏமாந்தால் முறியவும் செய்யும். நீண்ட நேர் வாளுக்கு 1060, 1075 போன்ற நடுத்தர அளவு பொருத்தமானது. 5160 என்று போட்டிருந்தால் இன்னும் நிம்மதி. அது குரோமியம் கொஞ்சம் சேர்ந்த ஸ்பிரிங் ஸ்டீல். நம் ஊர்க் கொல்லர்கள் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பார்களே, பெரும்பாலும் அந்த இன இரும்புதான். சிலிக்கன் சேர்ந்த 9260-உம் வளைந்து நிமிர்வதில் பேர்போனது.

ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும் தோய்ச்சல் சரியில்லை என்றால் அத்தனையும் வீண். அலகை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இரும்பு கடினமாகும். அந்த நிலையில் கீழே விழுந்தாலே முறிந்துவிடக்கூடும். திரும்பவும் மிதமான சூட்டில் வைத்துப் பதம் இறக்கினால்தான் வளைந்து கொடுக்கும் தன்மை வரும். இந்த இரண்டாவது வேலையில்தான் அவசரக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். ஐரோப்பிய நேர் வாளுக்கு, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 48 முதல் 53 வரை இருந்தால் நல்ல பதம். விற்பவர் 60 என்று பெருமையாகச் சொன்னால் அது எனக்கு நல்ல செய்தி இல்லை. வாய்ப்பகுதியை மட்டும் கடினமாக்கி முதுகை மென்மையாக விடும் கட்டானாவுக்கு அது பொருந்தும், முழு அலகையும் ஒரே பதத்தில் வைக்கும் நேர் வாளுக்கு ஆகாது.

390 டாலர் டமாஸ்கஸ் வாளை விடச் சொன்னதும் இதனால்தான். இன்று அந்தப் பெயரில் விற்பவை இரண்டு வகை இரும்பை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, அமிலத்தில் நனைத்து வரி எடுத்தவை. நல்ல கொல்லர் கையில் அது பெரிய கலை, அதற்கு ஏற்ற விலையும் உண்டு. ஒரு மீட்டர் அலகை அந்த முறையில் 390 டாலருக்குக் கொடுக்கிறார்கள் என்றால் எங்கோ விட்டுத்தான் பிடித்திருக்கிறார்கள். அடுக்குக்கு அடுக்கு ஒட்டாத இடம் ஒன்று உள்ளே இருந்துவிட்டால் வெளியே தெரியாது. சிலவற்றில் அடுக்கே கிடையாது, சாதாரண இரும்பின்மேல் வரியை மட்டும் அமிலத்தால் பொறித்திருப்பார்கள். பழைய காலத்தில் டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியது முற்றிலும் வேறு. அதற்கான உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனவை. நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வரிபோட்ட வாளுக்குப் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தம்பியின் தேர்வைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கற்பனை வாள்களிலேயே நிஜமாகச் செய்யத் தகுந்தவற்றில் ஆண்டுரிலும் ஒன்று. படத்துக்கான வாள்களை நியூசிலாந்தின் வெலிங்டனில் இருக்கும் வெட்டா பட்டறையில் பீட்டர் லயன் என்ற வாள் கொல்லர் செய்தார். இடைக்கால ஐரோப்பிய வாள்களை நன்கு அறிந்தவர். அதனால் அதன் நேரான அலகு, நடுப்பள்ளம், எளிய குறுக்குக் கைக்காப்பு எல்லாமே உண்மையான நீள்வாளின் இலக்கணத்துக்குள் நிற்கின்றன. தோள் அகலத்துக்கு அலகும் ஓரமெல்லாம் முள்ளும் கொண்ட விளையாட்டு வாள்களை இரும்பில் செய்தால் தூக்கவே முடியாது. அப்படி ஒன்றைத் தம்பி கேட்டிருந்தால், நுரையில் செய்ததை வாங்குங்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

படத்திலும்கூட எல்லாக் காட்சிக்கும் எஃகு வாள் கிடையாது. அருகில் காட்டும்போது எஃகு, சண்டைக்கு அலுமினியத்தில் செய்த பிரதிகள், பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு யூரித்தேனில் வார்த்தவை. “படத்தில் அப்படி மோதினார்களே” என்று தம்பி கேட்டால் இதைச் சொல்லலாம்.

நீளத்தைக் கவனியுங்கள். அலங்காரப் பிரதி 52 அங்குலத்துக்கும் மேல், கிட்டத்தட்ட 134 சென்டிமீட்டர். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய வாளாசான் பிலிப்போ வாடி ஓர் அளவு சொல்லியிருக்கிறார்: நுனியைத் தரையில் ஊன்றினால் குமிழ் அக்குளுக்குக் கீழே வர வேண்டும். தம்பி ஐந்தடி எட்டங்குலம் என்றால் சுமார் 130 சென்டிமீட்டர் வரும். படத்தின் அதே நீளம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், நான்கைந்து சென்டிமீட்டர் குறைந்த வாள் கிடைத்தால் அதையே எடுங்கள். அலகில் உள்ள எழுத்துகள் மேலோட்டமாக அமிலத்தில் பொறித்தவையா, ஆழமாக வெட்டியவையா என்றும் கேளுங்கள். ஆழமாகக் குறுக்கே வெட்டிய கோடு ஒவ்வொன்றும் விரிசல் தொடங்க வாகான இடம். உரிமம் இல்லாமல் செய்பவர்கள் எழுத்தை மாற்றியோ விட்டோ செய்வதும் உண்டு. தம்பி அந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர் என்றால், ஆர்டர் போடும் முன் நல்ல படம் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூர் விஷயத்துக்கு வருகிறேன். கூர் போட்ட நீள்வாள் குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டிய பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது. வெளியே வராத வாள் உங்கள் தம்பி ஆசைப்பட்ட வாள் இல்லை. கூர் போடாதது என்றால், குழந்தை தூங்கியபின் கூடத்தில் நின்று வகுப்பில் கற்ற நிலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், கொல்லைப்புறத்தில் தனியாக வீசிப் பழகலாம். பிடிக்குள் இருக்கும் வேலைப்பாடு, பதம், எடை எல்லாம் கூர் போட்டதில் உள்ளதுதான். “வெட்டிப் பார்க்க வேண்டும்” என்றால் ஊறவைத்த கோரைப்பாய்ச் சுருளை நிறுத்தி வெட்டும் பயிற்சி இருக்கிறது. அவருடைய ஆசானே அதற்கு நாள் குறித்து, அங்குள்ள கூர் வாளைக் கையில் கொடுக்கும்போது செய்யட்டும். ஆறு மாதப் பழக்கத்தில் வீட்டில் தனியாக அதைச் செய்ய வேண்டாம்.

பின்னாளில் கூர் போட வேண்டும் என்று தோன்றினால், கத்தி சாணை பிடிக்கும் கடையில் கொடுத்துவிடக் கூடாது. காய்ந்த சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய ஓரம் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் ஓடி, பிறகு நீலம் ஏறும். நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அதற்கும் மேலே போனால் இறக்கி வைத்த பதம் கலைந்துவிடும், திரும்ப வராது. வாள் வேலை தெரிந்தவர் நீர் விட்டு விட்டு மெதுவாகத்தான் சீவுவார்.

வகுப்புச் சண்டைக்கு ஏன் கூடாது? ஜோடியாக மோதிப் பழகுவதற்கென்றே ‘ஃபெடர்’ என்ற பயிற்சி வாள் இருக்கிறது. ஓரம் உருண்டையாக, நுனி மழுங்கி, குத்தினால் வில்லாக வளைந்து கொடுக்கும்படி செய்தது. ஆண்டுரில் பிரதியின் நுனி அந்த அளவுக்கு வளையாது. முகமூடியும் மெத்தை அங்கியும் போட்டிருந்தாலும் அந்தக் குத்தைத் தாங்கும் என்று யாரும் பொறுப்பேற்க முடியாது. ஓரமும் ஓரமும் மோதினால் இரண்டு வாளிலும் பல் பல்லாக விழும். வகுப்புக்குத் தேவை ஃபெடர்தான் என்று தெரிந்தால் அது வேறு பரிசு, வேறு விலை. அவருடைய ஆசானிடம் இரகசியமாக ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். தம்பியின் உயரமும் கையின் பழக்கமும் அவருக்குத்தான் தெரியும்.

பெட்டி வந்ததும் நீங்களே திறந்து பாருங்கள், பிறந்த நாள் வரை கட்டி வைக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிடும். பிடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குமிழை மறு உள்ளங்கையால் தட்டுங்கள். கடகடவென்று எதுவும் ஆடக் கூடாது. அலகை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணால் ஓரத்தைப் பார்த்தால் கோணல் தெரியும். நுனியை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, நான்கு விரல் அளவு வளையும்படி மெதுவாக அழுத்தி விடுங்கள். நேராகத் திரும்ப வேண்டும். இதைச் செய்யும்போது கண்ணாடி அணியுங்கள், அருகில் யாரும் வேண்டாம். மூன்றில் ஒன்று தவறினாலும் படமெடுத்து விற்பவருக்கு அன்றே எழுதுங்கள்.

கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும், அதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள். வெறுங்கையால் அலகைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்தால், இரண்டொரு நாளில் விரல் ரேகை பழுப்பு நிறத்தில் பதிந்திருக்கும். தொட்டபின் மெல்லிய துணியால் துடைத்து, தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயை லேசாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகப் படிந்துவிடும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேஸ்மென்டில் வைக்காதீர்கள். வைக்கும் இடம், பூட்டுப் போடும் கண்ணாடிப் பெட்டியாகவோ குழந்தை நாற்காலி போட்டும் எட்டாத உயரத்தில், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகிய தாங்கியாகவோ இருக்கட்டும். வெறும் ஜிப்சம் பலகையில் ஆணி அடித்து மாட்டினால் வாள் ஒரு நாள் கீழே வரும். கூர் இல்லாவிட்டாலும் ஒன்றரை கிலோ இரும்பு, நுனி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் தம்பியிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டே கையில் கொடுங்கள்.

கனடாவில் இத்தகைய வாள் வாங்கவும் வீட்டில் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை. ஆடைக்குள் மறைத்து எடுத்துப் போவதும் யாரையும் மிரட்டக் காட்டுவதும் குற்றம். வகுப்புக்கோ வேறெங்குமோ கொண்டுபோனால் பையில் கட்டி, காரின் டிக்கியில். இதைப் படிக்கும் பிற ஊர் வாசகர்கள் அவரவர் சட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை இருக்கிறது, கைவேலையாகப் பழைய முறையில் செய்தவை போன்ற சில விலக்குகளோடு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வரும் விதிகளின் பட்டியலில் வாள் இடம்பெறுகிறது, வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் தம்பிக்கு வரவே வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் வாள்களில் கணிசமானவை டேராடூனில் செய்தவைதான், ஆனாலும் திரும்பிப் போகும் வழி அவ்வளவு எளிதல்ல.

பணக் கணக்கு: 460 டாலருக்கு ஒன்டாரியோவின் 13 சதவீத வரி சேர்ந்தால் சுமார் 520. மீதி 80 டாலரில் தாங்கியும் எண்ணெயும் பூட்டும் வாங்கிவிடலாம். விற்பவர் அமெரிக்காவில் இருந்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. அந்த 460 டாலர் வாளை விற்பவரிடமிருந்து திருப்தியான பதில் வராவிட்டால், மொன்ட்ரியாலில் உள்ள டார்க்ஸ்வோர்ட் ஆர்மரி 5160 எஃகில் கற்பனைக் கதைப் பாணி வாள்களைச் செய்கிறது. அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள், விலை உங்கள் கைக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். விஸ்கான்சினில் இருக்கும் ஆல்பியன் போன்றவர்களின் வேலை அருமையாக இருக்கும், ஆனால் ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். ஆர்டர் கொடுத்தபின் செய்து அனுப்புபவர்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அக்டோபர் என்றால் இப்போதே எழுதத் தொடங்குங்கள்.

அம்மாவின் மனத்தைப் புண்படுத்த வேண்டாம். கத்தரிக்கோலைக்கூடக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொன்ன வீடுகளில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். கூர்மையான பரிசு உறவை அறுக்கும் என்ற அச்சம் ஐரோப்பாவிலும் இருக்கிறது, அதற்கு அங்கே ஒரு பரிகாரமும் உண்டு: வாங்கிக்கொள்பவர் ஒரு காசைக் கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிவிடுவார். தம்பி ஒரு டாலர் நாணயத்தை உங்கள் கையில் வைக்கட்டும். ஆயுத பூஜை பிறந்த நாளை ஒட்டி வருமானால், வாளை அம்மா கையால் பூஜையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இடச் சொல்லுங்கள், அவருக்கும் மனம் ஆறும். பொட்டைக் கைக்காப்பில் வைக்கச் சொல்லுங்கள். அலகில் வைத்தால் மறுநாள் காலையிலேயே நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும், சந்தனத்தின் ஈரம் இரவோடு இரவாகக் கறை விட்டுவிடும்.

விற்பவரிடமிருந்து எடை, சமநிலைப் புள்ளி, இரண்டு இடத்துத் தடிமன், குமிழ் உச்சியின் படம் ஆகியவை வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆர்டர் போடும் முன் பார்த்துச் சொல்கிறேன்.